உங்கள் வீட்டுக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?



லயத்தில் வாழ்ந்த காலத்தில் நமக்குக் காவல் வாசலில் கிடக்கும் நாயும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கண்ணுந்தான். தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு பாட்டியின் வேலையைச் சிசிடிவி கேமரா எடுத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் களவு போகிறது, கேஸ் தோங் காணாமல் போகிறது. ஆகவே, கேமரா வைப்பவரை நான் குறை சொல்லமாட்டேன், சட்டமும் தடுக்கவில்லை.

ஆனால் எங்கள் பாகான் டத்தோ பக்கத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “டீச்சர், எதிர் வீட்டுக் கேமரா எங்க வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கு. துணி காயப்போடக்கூட கூச்சமா இருக்கு. இதுக்குச் சட்டம் இல்லையா?”

இருக்கிறது. 2011-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்கு இதே போன்ற வழக்கு வந்தது. அண்டை வீட்டார் பொருத்திய கேமரா தங்கள் முன்வாசலை நோக்கியே இருக்கிறது என்று ஒரு குடும்பம் முறையிட்டது. நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றது. உன் வீட்டைக் காக்கக் கேமரா வைக்கலாம். அதற்காக அடுத்தவர் வாசலை நேராகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதற்கு முன்பே, வழக்கறிஞர் சிவராசா ராசையாவின் வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆவது விதி கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியிருந்தது. (அது வழக்கறிஞர் மன்றப் பதவி பற்றிய வழக்கு. கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

பலர் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தை நம்பிப் புகார் எழுதப் பார்க்கிறார்கள். அது வணிக நடவடிக்கைகளுக்கானது. சொந்த வீட்டு, குடும்பத் தேவைக்கு வைக்கும் கேமராவை அது தொடாது. கடைக்காரர் கேமரா வேறு, நம் வீட்டுக் கேமரா வேறு.

படம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இப்போதைய கேமராக்கள் பேச்சையும் பதிவு செய்கின்றன. 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்தில், வாசல் மணிக் கேமரா பற்றிய வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவே மோசம் என்று நீதிபதி கருதினார். அந்நாட்டுச் சட்டம் நமக்கு இல்லை. ஆனாலும் ஒற்றைச் சுவர் வீடுகளில் வாழும் நமக்கு, புருஷன் பெண்சாதி பேச்சு பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

கேமரா வைத்திருப்பவர்களே, இன்று மாலையே படத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கேட்டும் மோட்டார் சைக்கிளும் தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டு ஜன்னலோ துணிக்கொடியோ தெரிந்தால் கேமராவைக் கீழே திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால், படத்தின் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. ஒலிப்பதிவையும் அணைத்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் கல்லெறிந்து கேமராவை உடைக்கவேண்டாம். பிறகு குற்றவாளி நீங்கள்தான். முதலில் வீட்டுக்குப் போய், “அண்ணே, உங்க படத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும், ஏனென்றால் சில கேமராக்கள் நாம் நினைக்கும் இடத்தைப் பார்ப்பதே இல்லை. மசியாவிட்டால் ருக்குன் தெத்தாங்காவில் சமரசம் பேசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கேமரா திரும்பியிருக்கும் கோணத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

குளியலறையையோ படுக்கையறையையோ நோக்கி வேண்டுமென்றே வைத்திருந்தால் சமரசம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். நேராகப் போலீஸில் புகார் செய்யுங்கள். மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிட்டால், குற்றவியல் சட்டம் 509-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.