வங்கிக்கு எதிராக நாமே வாதாடலாம்

சின்னாளப்பட்டியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, "ஹஜ்ரத், ஒரு நிமிஷம்" என்று நம்மை ஓரமாக அழைத்துச் சொல்லும் விஷயங்களில் ஒன்று இப்போது அடிக்கடி வருகிறது. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. எப்போது என்று கேட்டால், "போன மாசம்." வங்கியில் எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஏமாளி என்ற பெயர் வந்துவிடுமாம். சுங்குடிச் சேலை விற்ற காசும், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசும் இப்படி வெட்கத்திலேயே கரைந்து போகின்றன.

அஸ்ஸாமைச் சேர்ந்த ஒருவர் வெட்கப்படவில்லை. 2021 அக்டோபரில் அவருடைய ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து 94 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பறிபோனது. துணிக்கடையின் வாடிக்கையாளர் சேவை என்று பேசியவன் ஒரு செயலியைப் பதிவிறக்க வைத்திருந்தான். ஓடிபி-யை அவரே கொடுத்தார் என்றது வங்கி. அவரோ 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருந்தார். குவாஹாட்டி உயர்நீதிமன்றம் வங்கியே பொறுப்பு என்றது. 2025 ஜனவரி 3 அன்று வங்கியின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை.

அவருக்குக் கைகொடுத்தது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. தவறு நம்முடையதாகவும் இல்லாமல், வங்கியினுடையதாகவும் இல்லாமல் மூன்றாவது ஆள் செய்த மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்கிறது அது. ஓடிபி-யை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் நம் தலையில். அதன் பிறகு போனது வங்கியின் தலையில். வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கிக்குத்தான். ஆகவே முதல் நாளே 1930க்கு அழைப்பதும், வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குவதும் கட்டாயம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282தான் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வங்கி விஷயத்தில் மட்டும் ஏனோ அதை மறந்து விடுகிறோம்.

வங்கி கைவிரித்தால் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சின்னாளப்பட்டிக்காரருக்குத் திண்டுக்கல் போதும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

ஆனால் சீக்கிரம் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டோம். கொல்கத்தாவில் 1994இல் வாடகை கட்டியிருந்தும் வங்கி ஒரு குடும்பத்தின் லாக்கரை உடைத்தது. ஏழு நகைகளில் இரண்டுதான் இருந்தன. அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது 2021இல்.

வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கோச்சடையான்' படப் பணிக்காக வங்கியில் 10 கோடி கடன் வாங்கிய சென்னை நிறுவனத்துக்கு, தேசிய ஆணையம் 75 லட்சம் இழப்பீடு தரச் சொல்லியிருந்தது. கடன் லாபத்துக்காக வாங்கப்பட்டது, ஆகவே அந்த நிறுவனம் 'நுகர்வோர்' அல்ல என்று 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சிறு தொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. தறியும் சிறு கடையும் வைத்திருப்பவர்கள், அதுதான் தங்கள் குடும்பத்தின் பிழைப்பு என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.