20,000 ரூபாய் கோட்டிங்கா, 500 ரூபாய் துண்டா? உப்புத் தண்ணி ஊர்ல கார் வச்சிருக்கறவங்களுக்கு

புது கார் புக் பண்ணியாச்சு, லோனும் சாங்ஷன் ஆயிடுச்சு. டெலிவரிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஷோரூம்ல இருந்து ஒரு போன் வரும். "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாமா? 20,000 தான். லோன்லயே சேர்த்துக்கலாம், மாசம் 300 ரூபாய் சொச்சம்தான் கூடும்."

முதல் கார் வாங்கற சந்தோஷத்துல முக்காவாசி பேர் சரின்னு சொல்லிடறாங்க. என்னைக் கேட்டா, வேண்டாம். குறிப்பா நீங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் கார் ஓட்டறவரா இருந்தா, அந்தப் பணத்துல பத்துல ஒரு பங்கை கார் துடைக்கற துணிக்கு செலவு பண்ணுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த "300 ரூபாய் சொச்சம்" என்னன்னு பாப்போம். 20,000 ரூபாயை 9.5% வட்டில 7 வருஷ லோன்ல சேர்த்தா மாசம் 327 ரூபாய் வரும். 84 மாசத்துல நீங்க கட்டறது ஏறக்குறைய 27,460. கோட்டிங் மூணுல இருந்து அஞ்சு வருஷம் வரும்னு விக்கறவங்களே சொல்றாங்க. அது தேய்ஞ்சு போனதுக்கு அப்புறமும் நீங்க அதுக்கு இ.எம்.ஐ கட்டிட்டு இருப்பீங்க. இன்னொண்ணு, அது சர்வீஸ்ங்கறதால 18% ஜிஎஸ்டி. வரியோட சேர்த்து 20,000னா அதுல 3,050 ரூபாய் வரி மட்டும். சம்பளக்காரரான உங்களுக்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது. துவாலை, துடைக்கற துணி வகையறாவுக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய்க்குள்ள இருந்தா 2025 செப்டம்பர் 22ல இருந்து 5% தான்.

"பெயிண்டைக் காப்பாத்தத்தானே சார் செலவு பண்றேன்?" நியாயமான கேள்வி. ஆனா நம்ம ஊர்ல பெயிண்டைக் கெடுக்கறது எது? ரெண்டு விஷயம்: புழுதி, தண்ணி.

கரிசல் காட்டுப் புழுதி மாவு மாதிரி இருக்கும், கை வச்சா மெத்துன்னு தெரியும். ஆனா அதோட கலந்து வர்ற மணல் துகள் இருக்கே, அது உங்க கார் பெயிண்டை விட எவ்வளவோ கடினம். பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கும். அதோட தடிமன் பொதுவா 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. காய்ஞ்ச துணியால புழுதியைத் தேய்க்கறப்போ அந்த மணலை வச்சு நீங்களே உப்புத்தாள் போடறீங்க. வெயில்ல பானெட்டைப் பாத்தா சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா கோடு தெரியும் பாருங்க, அது இப்படித்தான் வருது. அதைப் போக்க பாலிஷ் போட்டா கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவித்தான் எடுப்பாங்க. நம்ம பாஷைல சொன்னா, வட்டில கை வைக்கல, முதல்லயே கை வைக்கறோம்.

அடுத்தது தண்ணி. பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கற பூமி இது. போர்ல உப்புத் தண்ணி வர்றதுல ஆச்சரியம் இல்ல. டிடிஎஸ்னு சொன்னதும் சம்பளத்துல பிடிக்கறதுதான் உங்களுக்கு ஞாபகம் வரும். இது வேற, தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. உங்க போர் தண்ணி 1,500 இருக்குன்னு வைங்க. கழுவி முடிச்ச கார் மேல அரை லிட்டர் தண்ணி தங்கி அப்படியே காய்ஞ்சா, 750 மில்லிகிராம் உப்பு பெயிண்ட் மேலயே உக்காந்திடும். 650 காய்ச்சல் மாத்திரை ஒண்ணைப் பொடி பண்ணித் தூவினதை விட அதிகம். ஊட்டியில காரைக் கழுவிட்டு டீ குடிச்சிட்டு வந்து துடைக்கலாம். இங்க சித்திரை மாசம் பத்து மணி வெயில்ல ரூஃபைத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள பானெட் காய்ஞ்சிடும், வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்திடும். கோட்டிங் போட்ட கார்லயும் இந்தப் புள்ளி விழும். அதை யாரும் டெலிவரி அன்னைக்குச் சொல்ல மாட்டாங்க.

அதனால இங்க கார் கழுவறதை விட துடைக்கறதுதான் பெரிய வேலை. சீக்கிரம் துடைக்கணும், கீறல் விழாம துடைக்கணும். இந்த ரெண்டையும் எந்தத் துணி செய்யும்?

எங்க ஊர் தறிச் சத்தத்துல வளர்ந்த ஊர். அருப்புக்கோட்டை சேலை தெரியாதவங்க மதுரைப் பக்கம் கம்மி. அதனால இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டுப் பெரியவங்க கேக்கறது, "ஏப்பா, நம்ம நூல் துண்டுக்கு என்ன குறைச்சல்?" பருத்தி தண்ணியை நல்லா உறிஞ்சும், சந்தேகமே இல்ல. ஆனா புதுத் துண்டுல பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், நாலஞ்சு தடவை துவைக்கற வரைக்கும் தண்ணி அது மேல வழுக்கிட்டுத்தான் போகும். அதுக்கு அப்புறம் உறிஞ்சும், ஆனா ஈரிழைத் துண்டு மாதிரி தட்டையான நெசவுல ஒரு சிக்கல் இருக்கு. மணல் துகள் சிக்கினா அது உள்ள போய் ஒளிய இடம் இல்ல. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவுலயே உருளும். டர்க்கி டவல்ல வளையம் வளையமா நூல் நிக்கறதால அதுக்கு இது பரவாயில்ல. ஆனா உப்புத் தண்ணில துவைச்சுத் துவைச்சு ஆறு மாசத்துல அதுவும் சொரசொரன்னு ஆயிடும், பஞ்சு வேற உதிரும். கண்ணாடிக்கும் கதவு இடுக்குக்கும் பழைய ஈரிழைத் துண்டு தாராளமா போதும். பெயிண்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஊர் மேல பாசம் வேற, பானெட் வேற.

சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி பத்தியும் சிலர் கேப்பாங்க. புண்ணுக்கு நல்லது, காருக்கு அது ரொம்ப மெல்லிசு. ஒர்க்‌ஷாப்ல கிலோ கணக்குல வாங்கற பனியன் வேஸ்ட் ஆயில் துடைக்கத்தான், அதுல தையல், லேபிள், சில சமயம் பட்டன் கூட இருக்கும். பிளாஸ்டிக் டப்பால சுருட்டி வச்சு விக்கற ஷாமி ஒரே இழுப்புல தண்ணியை எடுக்கும். ஆனா அது வழவழன்னு தட்டை, மணல் சிக்கினா அவ்வளவுதான். காய்ஞ்சா அப்பளம் மாதிரி விறைச்சும் போயிடும். பூஜை போட்ட அன்னைக்கு வாங்கற மஞ்சள் துணியை டேஷ்போர்டோட நிறுத்திக்கோங்க.

மிச்சம் இருக்கறது மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் நூல் ஒரு கிராம் இருந்தா அது 1 டெனியர். அதுக்கும் மெல்லிசா இழுத்த பாலியஸ்டர், பாலிஅமைடு இழைதான் இது. பெரும்பாலும் 80க்கு 20, இல்லன்னா 70க்கு 30 கலப்பு. இழையைப் பிளந்து விட்டிருப்பாங்க. அந்தச் சந்துலதான் தண்ணி ஏறும், தூசியும் உள்ள போய் மாட்டும். துடைக்கறதுக்குன்னே முறுக்கின வளையம் வச்ச ரகம் வருது, ஆன்லைன்ல ட்விஸ்ட் லூப்னு போட்டுத் தேடுங்க. 60க்கு 90 சென்டிமீட்டர் சைஸ்ல ஒண்ணு, சின்னது ரெண்டு. பெருசு 500 முதல் 800 ரூபாய்க்குள்ள கிடைக்கும். ஒரு 500 ரூபாய்த் துணி வாரம் ஒரு தடவை வீதம் ரெண்டு வருஷம் வந்தா, ஒரு வாஷுக்கு 5 ரூபாய். ஒரு டீக்காசு கூட இல்ல.

வாங்கினதும் ஒரு ஆடிட் பண்ணுங்க. பாக்கெட் மேல 800 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கும். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்குதான், பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. 40க்கு 60 சென்டிமீட்டர் துணின்னா 0.24 சதுர மீட்டர். 800 ஜிஎஸ்எம் நிஜம்னா அது 192 கிராம் இருக்கணும். சமையல்கட்டுத் தராசுல வைங்க. 100 கிராம்தான் காட்டுதுன்னா நீங்க வாங்கினது 400 சொச்சம் ஜிஎஸ்எம். ரிட்டர்ன் போட்டுடுங்க. ஓரத் தையலையும் தடவிப் பாருங்க, நைலான் நூல் விரல்ல குத்தினா பெயிண்ட்லயும் குத்தும். லேபிளை வெட்டிடுங்க.

துடைக்கற விதம் சுலபம். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி, நிழல்ல. தண்ணி ஊத்தி புழுதி மொத்தமும் இறங்கின பிறகுதான் துணியே கார் மேல படணும். துணியை லேசா நனைச்சுப் பிழிஞ்சுக்கோங்க, முழுக்கக் காய்ஞ்ச துணி முதல்ல தண்ணியைத் தள்ளும். விரிச்சுப் போட்டு, அழுத்தாம இழுங்க, இல்லன்னா ஒத்தி எடுங்க. மேல இருந்து கீழ. சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கற கீழ்ப்பகுதிக்கு வேற துணி. கீழ விழுந்த துணியை உதறிட்டு மறுபடி கார்ல வைக்காதீங்க.

தண்ணியே இல்லாத வாரம் வரும். திருச்சுழி குண்டாத்துல மணல் மட்டும் தெரியற மாசங்கள்ல வாரா வாரம் கார் கழுவணும்னு யாரும் சொல்ல முடியாது. அப்போ காரைத் தொடாம விட்டுடுங்க. அரை வாளித் தண்ணில துடைக்கறதை விட புழுதியோட நிக்கறது பெயிண்டுக்கு நல்லது. ஆர்.ஓ மெஷின் வெளிய தள்ளற தண்ணியை மிச்சம் பிடிக்கறேன்னு காருக்கு ஊத்தறவங்க இருக்காங்க. அதுல போர் தண்ணியை விட உப்பு ஜாஸ்தி. ஏ.சி.ல இருந்து சொட்டற தண்ணில உப்பே கிட்டத்தட்ட கிடையாது. நம்ம வறண்ட காத்துல கொஞ்சமாத்தான் வரும், இருந்தாலும் கடைசி அலசலுக்குச் சேர்த்து வைக்கலாம்.

சென்னைல, பெங்களூருல வேலை பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அபார்ட்மெண்ட்ல மாசக் கூலிக்குக் கார் துடைக்கற அண்ணன் ஒரு வாளி, ஒரு துணியோட பத்துப் பதினஞ்சு கார் முடிக்கறார். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், கார் எண்ணிக்கைக்குத்தான் அவருக்குக் கூலி. உங்க துணியை நீங்களே வாங்கி அவர்கிட்ட குடுங்க. தினம் வேண்டாம்ணே, வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்திப் பண்ணுங்க, அதே காசு தர்றேன்னு சொல்லுங்க. வாட்டர் வாஷ் விடற இடத்துலயும் இதேதான், துணியைக் கையோட கொண்டு போங்க.

இவ்வளவு தூரம் எதுக்கு மெனக்கெடணும்னா, இந்தக் கோட்டையெல்லாம் உங்களுக்காக வேற யாரும் சுமக்க மாட்டாங்க. இன்சூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது. விபத்துக் கீறல்னு கிளெய்ம் போட்டாலும் முதல் 1,000 ரூபாய் உங்க கைல இருந்து போகும், 1,500 சிசிக்கு மேலன்னா 2,000. அதோட 20ல இருந்து 50% வரைக்கும் ஏறியிருக்கற நோ கிளெய்ம் போனஸும் போயிடும். இன்சூரன்ஸ் கணக்குப்படியே அஞ்சு வருஷம் முடியறப்போ வண்டி மதிப்பு பாதி. பிசினஸ்காரர் வருஷம் 15% தேய்மானம் கழிச்சுக்குவார். நீங்க சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கற கார் வருமான வரிச் சட்டத்துல மூலதனச் சொத்தே கிடையாது. 9 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்துக்கு வித்தாலும் அந்த நஷ்டத்தை எங்கயும் காட்ட முடியாது. கம்பெனி லீஸ் கார் வேற கதை, அதைத் தனியாப் பேசுவோம். விக்கறப்போ வாங்க வர்றவர் வண்டியை வெயில்ல நிறுத்தித்தான் பாப்பார், பேரம் பானெட்ல இருந்துதான் ஆரம்பிக்கும். கறுப்பு, கருநீலம் வாங்கப் போறவங்க ரெண்டு தடவை யோசிங்க. வெள்ளைல இந்தக் கோடு அவ்வளவாத் தெரியாது.

துணியைத் துவைக்கறப்போ லிக்விட் சோப் மட்டும், துணி கண்டிஷனர் வேண்டாம், அது இழையை அடைச்சிடும். பருத்தித் துணியோட சேர்த்துப் போட்டா பஞ்சு பூரா இதுல ஒட்டிக்கும். அயர்ன் பண்ணாதீங்க. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணில. காயப் போடறது கொடில, நிழல்ல. சீமைக்கருவேல வேலி மேல போட்டுடாதீங்க, ஒரு முள்ளு நுனி சிக்கிக்கிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை அது உங்க பானெட்ல கோடு போடும்.