பெங்களூரில் தமிழ் பயின்ற அம்மையார்

பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்த நம்மவர், பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்று கவலைப்படுவது வழக்கம். இந்நகரத்திற்கு வந்து தமிழைக் கற்றுக்கொண்டவர் ஒருவர் உண்டு என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னையில் கப்பலிறங்கி, இங்கிருந்த கிறிஸ்தவ மிஷன் ஒன்றில் ஊழியஞ் செய்யவந்த எமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றியே இம்முறை எழுதக் கருதினோம். அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் 1867-இல் பிறந்தவர் அவர். இந்நகருக்கு வந்த புதிதில் டெங்குக் காய்ச்சலால் வருந்திக் கிடந்தார். 1809-இல் ஆங்கிலேயரின் படைமுகாம் அமைந்தது முதற்கொண்டு தண்டுப் பகுதியிலே தமிழ்க் குடும்பங்கள் பெருகியிருந்தன. ஆகவே அவர் இங்குப் பயிலத் தொடங்கிய மொழி தமிழாயிற்று. இலக்கணம் அவரையும் படாதபாடு படுத்தியது என்பது நம் பிள்ளைகளுக்குச் சற்று ஆறுதல் தரலாம்.

தியாகம், ஜெபம், ஆண்டவனோடு நெருங்கி வாழ்தல் ஆகிய சொற்களைத் தவக்காலத்துப் பிரசங்கங்களிலும், செப்டம்பர் 8-ஆம் நாள் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத் திருவிழாவிலும் நாம் மிகுதியாகக் கேட்கிறோம். கேட்டு மனமுருகியபின், அவை குருமார்க்கும் துறவியர்க்கும் உரியவை என்று எண்ணி வீடு திரும்பிவிடுகிறோம். வீட்டிலோ தண்ணீர் வரும் நேரம், பள்ளிக்கூட வண்டி வரும் நேரம், இரவுப் பணி முடித்து வந்தவர் உறங்கும் நேரம் என்று பொழுது துண்டுதுண்டாகிக் கிடக்கிறது. ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கேடு புரட்டும் நம்மைப் போன்றோர்க்கு, தியாகம் செய்ய நேரமேது என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அக்கேள்விக்கு அம்மையாரின் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது. கிறிஸ்தவரல்லாத வாசகரும் இதனை வாசிக்கலாம். எவரையும் மதம் மாற்ற நாம் எழுதவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, வாக்கர் என்னும் மிஷனெரியின் அழைப்பை ஏற்று அம்மையார் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். அங்கே தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியேறி ஊரூராகச் சுற்றிப் பிரசங்கித்தார். சேலையுடுத்தி, கிடைத்த இடத்தில் தங்கி நடத்திய அப்பணியில் அவர்க்குப் பேரும் இருந்தது, மனநிறைவும் இருந்தது. வெளிநாட்டு நண்பர்கள் அச்செய்திகளை ஆவலோடு வாசித்தனர்.

1901 மார்ச்சில் நிலைமை மாறியது. கோவிற்பணிக்கென ஒப்படைக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமியொருத்தி, இரவிலே தப்பியோடி வந்து பண்ணைவிளையில் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னொருமுறை தப்பித் தன் தாயிடம் ஓடியபோது, தாயே அஞ்சித் திருப்பி அனுப்பினாள் என்றும், அதற்குத் தண்டனையாகக் கைகளில் சூடு போடப்பட்டது என்றும் வரலாறு கூறுகிறது. அவளுக்குப்பின் மற்றொருத்தி, அதன்பின் கைக்குழந்தைகள். அவ்வாண்டிலேயே களக்காட்டை அடுத்த டோனாவூரில் குடியேறினர். 1913-இல் அங்கிருந்த பிள்ளைகளின் தொகை 130 ஆயிற்று.

பிள்ளைகள் வந்தபின் மாட்டுவண்டி நின்றது. இரவில் பால் புகட்டவும், பேதி கண்ட குழந்தையைத் துடைத்துக் கழுவவும், நகம் வெட்டவும் ஆள் வேண்டுமன்றோ? பிரசங்கம் செய்யக் கடல் கடந்து வந்தவள் தொட்டிலாட்டுவதா என்று அம்மையாரின் உள்ளத்திலேயே கேள்வி எழுந்தது. இயேசுபிரான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய செய்தியை நினைந்து, அதிலே விடை கண்டார். நம் கருத்தில், அவர் செய்த பெருந்தியாகம் அயர்லாந்தை விட்டு வந்ததன்று. ஊர் மெச்சிய வேலையை விட்டு, யாரும் மெச்சாத வேலையை ஏற்றுக்கொண்டதே ஆகும். ஊரை விட்டு வருதலை நாமும் செய்திருக்கிறோம். வயிறு அதனைச் செய்விக்கும். மெச்சுதலை விடுவதற்கு வேறோர் ஆற்றல் வேண்டும்.

அவ்வாற்றலைப் பேசுங்கால் பொன்னம்மாளை மறத்தல் தகாது. அம்மையாரைப் பற்றிப் பல மொழிகளில் நூல்கள் உள; இந்த இளம் விதவையைப் பற்றி நம்மவர் பேசுவது குறைவு. மாட்டுவண்டிக் காலத்திலேயே உடனிருந்தவர். நோயுற்ற கைக்குழந்தைகளுக்கு மருத்துவம் அருகில் வேண்டுமென்று, மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தையகம் திறந்தபோது, அதன் பொறுப்பு முழுவதையும் பொன்னம்மாளே சுமந்தார். அங்கே குழந்தைகள் பல இறந்தன. இறந்த குழந்தையை அடக்கஞ் செய்துவிட்டு, அழுகிற குழந்தைக்குப் பால் காய்ச்சத் திரும்பியவர் அவர். புற்றுநோயால் நெடுநாள் துன்புற்று 1915-இல் மறைந்தார். அம்மையாரே அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

இனி ஜெபம். டோனாவூரில் பணம் கேட்டு எவர்க்கும் விண்ணப்பம் எழுதுவதில்லை என்பது விதி. தேவையை ஆண்டவனிடமே சொல்வது, திங்கள்தோறும் ஒரு நாளை ஜெபத்திற்கென ஒதுக்குவது என்று வழக்கப்படுத்தினர். மாதக் கடைசியில் கடன் சீட்டெழுதும் நமக்கு இது துணிச்சலான ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கே ஜெபம் என்பது கேட்பது மட்டுமன்று. 1931 அக்டோபர் 24-ஆம் நாள் காலையில், பிறர்க்கு உதவத் தம்மைத் தகுதியாக்கும்பொருட்டு எதனையும் செய்யும்படி அம்மையார் வேண்டிக்கொண்டாராம். அன்று மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில், புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து காலொடிந்தார். வேண்டுதலுக்கு இதுவா விடை என்று நாம் கேட்போம். அவரும் எளிதில் அமைதி பெற்றுவிடவில்லை. நோவும் உறக்கமின்மையும் நிறைந்த இரவுகளைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. அவ்வறையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டிலருகே அமர்ந்து பேசிச் சென்றனர்.

அவர் செய்தவை யாவும் சரி என்று நாம் வாதிடவில்லை. தமிழ்நாட்டு இந்து வாழ்வை அவர் தீட்டிய சித்திரத்தில் இருள் மிகுதி. நிறுவனத்தை நடத்திய முறையில் கண்டிப்பும் மிகுதி. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல், இளைஞராக 1924-இல் அங்கு வந்து, கருத்து வேறுபாட்டால் விரைவிலேயே விலகிச் சென்றார். கோவிலுக்குப் பெண்ணை ஒப்படைக்கும் வழக்கத்தை ஒழித்தது ஜெபம் மட்டுமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் நின்று போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் வருமுன் வந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பால் புகட்டியவர்கள் டோனாவூர்ப் பெண்கள். இரண்டும் வேண்டியவையே.

இதனையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரிலிருந்த பெற்றோர் முதுமையடைந்து, பார்ப்பாரின்றி, இங்கே நம் வீடுகளுக்கு வந்து சேர்கின்றனர். ஓரறை வீட்டில் ஒரு கட்டில் அவர்க்கென்று ஆகிவிடுகிறது. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று அக்கட்டிலிலேயே கிடப்போர் உளர். மலசலம் எடுக்கும் மருமகளை எச்சங்கமும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதில்லை. கட்டிலில் கிடப்பவரும், தாம் எவர்க்கும் பயனற்றுப் போனதாக எண்ணி உள்ளூர அழிகின்றனர். அவரை நோக்கி, "நீங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், இன்று பேரனுக்குப் பரீட்சை, பேத்திக்கு நேர்முகத் தேர்வு" என்று காலையில் சொல்லிவிட்டுச் செல்லும் வீடுகள் எத்தனை? மாலையில் திரும்பியதும் நடந்ததை வந்து சொல்லும் வீடுகள் எத்தனை? அதற்குக் காசு வேண்டாம்; கால்மணி நேரம் போதும். அம்மருமகளைக் கட்டிலருகிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுவித்து ஆலயத்திற்கு அனுப்ப, கணவன்மார் அரைநாள் வீட்டிலிருக்கலாம். ஆலய வாசலில் நின்று தியாகத்தைப் பற்றிப் பேசும் ஆடவர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

அம்மையார் 1951 ஜனவரி 18-ஆம் நாள் டோனாவூரில் காலமானார். இந்தியாவிற்கு வந்த பின்னர் ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் சென்று வந்தவரல்லர். தம் கல்லறைமேல் நினைவுக்கல் நாட்டலாகாது என்று சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளைகள் அங்கே பறவைகள் நீரருந்தக் கல்தொட்டி ஒன்றை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தனர். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் வண்டியில் செல்வோர் வள்ளியூரில் இறங்கினால் டோனாவூருக்குச் சாலை வழி உண்டு.