தூளுக்கு அந்தப் பக்கம் யார்?

பேராவூரணியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு நார் மில் தட்டுப்படும். பின்னால் பழுப்பு மேடாக நார்த்தூள். ஒரு காலத்தில் அள்ளிப்போக ஆளில்லாமல் சாலையோரம் கிடந்த குப்பை அது. இன்று அதையே கழுவி, காயவைத்து, அமுக்கி, கோகோபீட் கட்டியாகக் கப்பல் ஏற்றுகிறார்கள். சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுக்கும் பீட் மண்ணை வீட்டுத் தோட்டங்களுக்கு விற்கத் தடை கொண்டுவரப்போவதாக இங்கிலாந்து அரசு 2022-ல் அறிவித்தது. மாற்றாகத் தேடப்படுபவற்றில் நம் தூளும் ஒன்று.

ஆனால் சின்ன மில்காரருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். “எல்லாரும் அஞ்சு கிலோ கட்டிதாண்ணே கேக்குறாங்க” என்றார் தெரிந்த மில்காரர் ஒருவர். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். ஏற்றுமதி வியாபாரிகள் இரண்டு பேர். அவர்கள் சொன்னதுதான் விலை. அவர்களுக்கு அப்பால் அந்தத் தூளில் செடி வைக்கும் ஒருவரைக்கூட இவர் பார்த்ததில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வரும் காலம் இது. மட்டை பெருகும்போது அதே இரண்டு பேரை நம்பியிருந்தால் விலை இன்னும் இறங்கும் என்பதுதான் என் பயம்.

வாங்குபவரை நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கியவர். சிக் ஷாம்பு அவருடையது. சோப்புப் போட்டுத் தலைகுளித்த கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போய், ஊர் பார்க்க ஒரு பையனுக்குத் தலை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றொரு திட்டமும் போட்டார்கள். முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டும் செல்லும் என்றார்கள். இலவசத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் காலிப் பாக்கெட்தான். எந்தத் தெருவில் யார் ஷாம்பு போடுகிறார்கள் என்பதை வாங்குபவரே கொண்டுவந்து கடையில் வைத்துவிடுகிறார். பிறகு மல்லிகை மணத்தில் சிக் வந்ததும், தினம் பூ வைக்கும் தலைகளைக் கண்ணால் பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன்.

நார்த்தூளுக்கு அப்படி ஒரு தலை மாடித்தோட்டத்தில் இருக்கிறது. திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஐந்து கிலோ கட்டி வாங்கியிருந்தார். தண்ணீர் ஊற்றினால் எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கும் சரக்கு அது. “பாதிய எங்க தம்பி கொட்டுறது?” என்று குளியலறை மூலையில் ஈரத்தோடு கிடந்த சாக்கைக் காட்டினார். மிளகாய்ச் செடியில் இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. எனக்குச் சந்தேகம் உப்பின் மேல். உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையின் தூளை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு தங்கிவிடும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் உப்பின் அளவை ஈ.சி. என்று எண்ணில் கேட்டு வாங்குகிறார். அக்காவுக்கு ஈ.சி. தெரியாது, செடி கருகுமா, கருகாதா என்பதுதான் அவர் கேள்வி. கைக்கடக்கமான 650 கிராம் கட்டி, நன்றாக அலசியது, எத்தனை சொம்புத் தண்ணீர் ஊற்றுவது என்று தமிழில் ஒரு வரி. இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆர்க்கிட் வளர்ப்பவரைக் கேட்டால் தூளே வேண்டாம், வேருக்குக் காற்றுப்போக மட்டையைத் துண்டு போட்டுக் கொடு என்பார். அவர் இன்னொரு வாடிக்கையாளர்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பெரிய கம்பெனி வைத்து ஆய்வு செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நர்சரி வாசலில் நின்றால் போதும். ஆனால் “வாங்குவீங்களா?” என்று மட்டும் கேட்கக்கூடாது. நம் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், என்ன விலை, யார் மாடிக்குத் தூக்கிவந்தது, மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

சின்னக் கட்டி யோசனையை மில்காரரிடம் சொன்னேன். “அதுக்கு அச்சு மாத்தணுமேண்ணே, காசு?” என்றார். நியாயமான கேள்வி. இப்போதைக்கு அச்சு வேண்டாம். அலசிய தூளை உதிரியாகவே ஒரு கிலோ பையில் கட்டி, சில வீடுகளுக்குக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துச் செடியைப் போய்ப் பார்க்கலாம். ஆடிப்பட்டத்துக்கு மாடித்தோட்டக்காரர்கள் விதை வாங்க வருவார்கள். வைகாசியிலேயே பையைக் கொடுத்துவிட்டால் அதற்குள் விவரம் கைக்கு வந்துவிடும்.