சொத்தைப் பல்லுக்குத் தாய் மட்டுமா பொறுப்பு?

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்கு உதவியாளராகப் போயிருந்தேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா தூக்கி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, ஈறோடு ஈறாகக் கரைந்திருந்தன. இரண்டு நாளாகக் குழந்தை சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை.

பரிசோதித்தவர் சொன்னார்: "ஏம்மா, புள்ளைய பெத்தா மட்டும் போதுமா? பல்லு வெளக்கி விடக்கூட நேரம் இல்லையா? உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவ சொன்னாலும் ஏறாது."

தாய் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

தோழர்களே, அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. நம் தாத்தாக்கள் ஊர்த் தெருவில் கைகட்டி வாய்பொத்தி நின்றார்கள். இன்று பேத்தி பல்லைக் காட்ட வெட்கப்பட்டு வாயைப் பொத்துகிறாள். "உங்க ஆளுங்க சுத்தமில்ல" என்பது அன்று கிணற்றடியில் சொல்லப்பட்டது. இன்று அதே வசனம் சுகாதார அறிவுரை என்ற பெயரில் வருகிறது.

முகாம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் பேசினேன். கணவனும் மனைவியும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. பகலெல்லாம் குழந்தை ஆயாவிடம். அழுதால் டீயில் தொட்டு பிஸ்கெட், அடம்பிடித்தால் கடையில் ஒரு மிட்டாய். "பால் பல்லுதானே தம்பி, விழுந்து மொளைச்சிடும்னு இருந்துட்டேன்" என்றார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் குடும்பத்தின் குழந்தைக்குச் சர்க்கரையால் பல் போகிறது.

பல் ஏன் சொத்தையாகிறது என்பதை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லில் புழு எதுவும் இல்லை. கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் புழு எடுப்பதாகச் சொல்வது ஏமாற்று. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. எச்சில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். ஆனால் மணிக்கொரு தடவை பிஸ்கெட்டும் டீயும் போனால் எச்சிலுக்கு அவகாசம் கிடைக்காது. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஃபுளோரைடு கலந்த பற்பசை மேல்பூச்சை வலுவாக்கும். சாம்பலிலும் செங்கல் தூளிலும் உமிக்கரியிலும் அது இல்லை. அவை பல்லைத் தேய்க்கத்தான் செய்யும்.

"விழுந்து முளைக்கும்" என்பதும் பாதி உண்மைதான். பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அதைவிட முக்கியமான செய்தி: ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துத்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம்.

ஆகவே பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இரவு படுக்கும் முன் பல் துலக்கி விடுவது, பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாமல் இருப்பது, பிஸ்கெட்டுக்குப் பதில் வேர்க்கடலையோ கொய்யாவோ கொடுப்பது - இவையெல்லாம் நம் வீட்டில், நம் கையில் இருப்பவை. அப்பாக்களின் கையிலும்தான். முகாமில் திட்டு வாங்க அம்மாக்கள் மட்டும் நிற்பது ஏன் என்று நம் ஆண் தோழர்கள் யோசிக்கட்டும். "எல்லாம் அரசின் குற்றம்" என்று முழக்கம் போட்டுவிட்டு இதைப் பேசாமல் விட்டால், பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள்தான்.

ஆனால் பொறுப்பைச் சுமத்துகிறவர் வழியையும் காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, பால் பல் சொத்தை உள்ள குழந்தைகள் உலகில் 51 கோடிக்கு மேல். இத்தனை வீட்டிலுமா தாய் பொறுப்பற்றவள்? நம் ரேஷன் கடையில் சர்க்கரை மலிவு விலையில் கிடைக்கிறது, பற்பசை கிடைப்பதில்லை. மிட்டாய்க் கடை தெருமுனையில் இருக்கிறது, பல் மருத்துவர் நகரத்தில் இருக்கிறார். தனியார் கிளினிக்கில் ஒரு பல்லின் வேர் சிகிச்சைக்கு ஆகும் செலவு, கூலிக் குடும்பத்தின் பல நாள் வருமானம். அதனால் நம் மக்கள் வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்து, பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே கறுப்பின ஏழைக் குடும்பங்களின் நிலையும் நம்முடையதைப் போன்றதுதான். 2007இல் மேரிலாண்ட் மாநிலத்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லால் இறந்தான். பல்லில் பிடித்த சீழ் மூளைக்குப் பரவியது. 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். மூளை அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனைக்கும் சுமார் இரண்டரை லட்சம் டாலர் ஆகியும் காப்பாற்ற முடியவில்லை. அவன் தாய் சும்மா இருந்தவர் அல்ல. இளைய மகனின் சொத்தைப் பற்களுக்காக, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் பல் மருத்துவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தவர். அங்கேயும் தாயைக் குற்றம் சொல்லிக் கதையை முடித்திருக்கலாம். மக்கள் விடவில்லை. 2009இல், குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சை கட்டாயமாக்கப்பட்டது.

நம்மிடம் திட்டமே இல்லையா? இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பார்க்க வேண்டிய பட்டியலில் பல் நோயும் உண்டு. பார்த்து, எழுதி, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு கொடுப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. அந்தச் சீட்டோடு போன குழந்தைக்குச் சிகிச்சை கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

விழுப்புரத்துச் சிறுமியும் அப்படி ஒரு சீட்டோடுதான் அனுப்பப்பட்டாள். முதல் நாள் போனபோது பல் மருத்துவர் விடுப்பு. இரண்டாம் முறை போய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. அவளை "அக்கறையில்லாத தாய்" என்று சொன்னவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து உண்டு. ஊசியும் வேண்டாம், துளையிடவும் வேண்டாம். சொத்தையின் மேல் தடவினால் பெரும்பாலும் அது மேலும் பரவாமல் நிற்கும். அந்த இடம் கறுப்பாகிவிடும், அவ்வளவுதான். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் ஃபுளோரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு தருகிறோம். அது முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பல் துலக்க ஒரு பிரஷ்ஷும் பட்டாணி அளவு பற்பசையும் தர முடியாதா? தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதிகளில் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பல் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், சொத்தை அடைக்கிறாரா, பிடுங்குவது மட்டும்தானா என்று கேளுங்கள். பள்ளிக்கு நடமாடும் குழு கடைசியாக எப்போது வந்தது, எத்தனை குழந்தைகளை அனுப்பியது, எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று 10 ரூபாய் செலுத்தித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தால் கிராம சபையில் எழுந்து வாசியுங்கள். வராவிட்டால் வரவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

அதோடு, இன்றிரவு உங்கள் வீட்டுக் குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லிப் பின்வரிசையைப் பாருங்கள். ஆறு வயதுப் பல் முளைத்திருக்கிறதா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்டுங்கள். அடுத்த முகாமில் யாராவது ஒரு தாயை "உங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தால், பக்கத்தில் போய் நின்று, "சார், நிரந்தர பல் டாக்டர் எங்க ஊருக்கு எப்ப வருவார்?" என்று கேளுங்கள்.