மக்கா, உங்க காருக்கு மூக்கு இருக்கா?

துறைமுகத்துலேர்ந்து நிலக்கரி ஏத்திட்டு வர்ற ரெண்டு லாரிக்குப் பின்னாடி பைக் ஓட்டியிருக்கீங்களா? வெள்ளைச் சட்டை வீட்டுக்கு வரும்போது சாம்பல் கலர்ல இருக்கும். 'நாங்க கார்ல கண்ணாடியை ஏத்திட்டு, ஏசி போட்டுட்டுல்ல போவோம்'னு பந்தா விடுறவங்களுக்கு ஒரு கேள்வி... உங்க ஏசிக்கு ஃபில்டர் இருக்கா?

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்துல இருக்குற சல்லடை வழியாத்தான் வெளிக்காத்து உள்ளே வருது. நடுவுல விசிறி மடிப்பு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கணும். அதான் கேபின் ஃபில்டர். இன்ஜினோட ஏர் ஃபில்டர் வேற, இது வேற.

பழைய சின்ன கார்கள் பலதுல இது கிடையாது. சில மாடல்ல இடத்தை மட்டும் விட்டு, பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பாங்க. பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடி இருக்கும். மூடியை எடுத்துட்டு, அந்த மாடலுக்கான ஃபில்டரைச் செருகினா வேலை முடிஞ்சுது. அதுல இருக்குற அம்புக்குறி, காத்து போற திசையைப் பார்க்கணும். மூடியை வெட்டி எடுக்கணும்னா மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டுருங்க. துண்டு உள்ளே விழுந்தா ஃபேன் காலி!

சாதா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். கார்பன் ஃபில்டர் வாடையையும் ஓரளவு குறைக்கும். ஆனா அடைச்சுப்போன ஃபில்டரை மாத்தாம விட்டா காத்தே வராது. புழுதி ரோட்டுல ஓடுற வண்டின்னா, புத்தகத்துல போட்டிருக்குற கெடுவுக்கு முன்னாடியே மாத்திடுங்க.

'என்கிட்ட இருக்குறது மேல் திறந்த ஜீப் பாஸ்'ங்கிறீங்களா? கூரையைத் திறந்துட்டா எந்த ஃபில்டருக்கும் வேலை இல்ல. கரி லாரி வர்ற ரோட்டுல மட்டுமாவது மூடிக்கோங்க.

சரி, பழைய ஃபில்டரைக் கழட்டினதும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு தடவை உத்துப் பாருங்க. அந்தக் கறுப்பு உங்க நெஞ்சுக்குள்ள போகாம நின்னுபோச்சு. அதே ரோட்டுல நடந்து போற உப்பளத் தொழிலாளிக்கும், துறைமுகத்துல கரி இறக்குறவங்களுக்கும், ஷேர் ஆட்டோவுல தொங்கிட்டு வர்ற உங்க கிளாஸ்மேட்டுக்கும் ஃபில்டர் ஏது?

மூச்சை அடக்கி முத்துக் குளிச்ச ஊர் இது. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். காத்தையும் தண்ணியையும் காப்பாத்தணும்னு 2018 மே 22-ம் தேதி ஊர்வலம் போனப்பவும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டுல 13 பேரைப் பறிகொடுத்த ஊரும் இதுதான். அதனால ஃபில்டரை மாட்டுங்க, தப்பில்ல. கூடவே, கரி லாரிக்கு ஒழுங்கா தார்ப்பாய் போடச் சொல்லி ஒரு மனுவும் எழுதுங்க மக்கா. கிளாஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட அஞ்சு நிமிஷம்தான் ஆகும்!