சோறாக முடியாத மக்ரோனி

உணவுப் பண்பாடு குறித்து நம் துறைகளில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. சேவையும் இடியாப்பமும் மரபு, பாஸ்தா உலகமயமாக்கம். அதிலும் பாலும் சீஸும் சேர்த்து ஓவனில் சுட்ட மக்ரோனி என்றால், நடுத்தர வர்க்கத்தின் புதுமோகம் என்று ஒரே வரியில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. கிழக்கேகோட்டையில் குடியிருந்துகொண்டு இத்தீர்ப்பை ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவில் சேமியாவும் மக்ரோனியும் அருகருகே விற்கின்றன. இரண்டும் கோதுமையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, உலர்த்தப்பட்டவை. ஆயினும் போளியின்மேல் சேமியாப் பாயசத்தை ஊற்றி உண்பதைத் திருவனந்தபுரத்துக்காரர் எவரும் அந்நிய மோகம் என்று சொல்லமாட்டார். சேமியாவுக்குக் கிடைத்த குடியுரிமை மக்ரோனிக்கு ஏன் கிடைக்கவில்லை?

அது நேற்று வந்தது என்பது விடையாகாது. 1950-இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், வி. சுப்ரமணியனின் தலைமையில், அந்தப் பத்தாண்டிலேயே மரச்சீனி மக்ரோனியை உருவாக்கியது. மரச்சீனி மாவில் புரதம் மிகக் குறைவு. ஆகவே நிலக்கடலை மாவும் ரவையும் அதில் கலக்கப்பட்டன. விசாகம் திருநாள் (ஆட்சி 1880–85) பரப்பிய அக்கிழங்கு, 1942-இல் பர்மா அரிசி நின்றபின் திருவிதாங்கூரின் உயிர்காத்த உணவாகியிருந்தது. எனவே மைசூரின் அம்முயற்சி இந்நிலத்தின் பசிக்கு மிக நெருக்கமானது. சத்துக் கணக்கில் அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதற்கு அரிசிமணியின் வடிவம் கொடுத்தார்கள். ‘செயற்கை அரிசி’ என்றும் அது பேசப்பட்டது. அரிசியின் இடம் அதற்குக் கிடைக்கவே இல்லை.

அந்தத் தோல்விக்கு நாவின் பழமைப்பிடிப்பைக் காரணம் காட்டுவது எளிது. நான் அதை நம்பவில்லை. மரச்சீனியை மீன்குழம்போடு மனமுவந்து உண்ட மக்கள் அவர்கள். கிழங்கைக் கிழங்காகவே ஏற்றவர்கள். சோறில்லாதவனுக்குச் சோற்றின் சாயலைக் கொடுத்தால், ஒவ்வொரு கவளமும் இல்லாததையே நினைவூட்டும்.

இதற்கு மறுபுறத்தில் ஓர் அமெரிக்கச் சான்று உண்டு. பெருமந்தக் காலத்தில், 1937-இல், கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் அடைத்து, நான்கு பேருக்கு 19 செண்ட் என்று விற்றது. அதுவும் வறுமைக்கால உணவே. ஆனால் எதற்கும் மாற்று என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. தன் பெயரிலேயே ஒரு முழு உணவாக வந்தது. இன்று அதை அங்கே ஆறுதல் உணவு என்கிறார்கள்.

ஆறுதல் என்ற சொல்லை நான் பொருட்படுத்தியே எழுதுகிறேன். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நாள்களில், வாடகை அறையில் நான்கு ஆய்வாளர்கள் பகிர்ந்துண்ண இதைவிட எளிய உணவு குறைவு. (அக்கிரகாரத் தெருக்களில் ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனையோடு வாடகைக்கு இருப்போருக்கும் இதனால் சங்கடம் இல்லை, முட்டை சேர்ப்பதில்லை.)

200 கிராம் மக்ரோனியை, உறையில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும்; மீதி ஓவனில் வேகும். 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டர் மில்மா பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாது. மோர்க்குழம்புப் பதம் போதும்; சற்று நீர்த்திருந்தாலும் தவறில்லை, மக்ரோனி உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பை அணைத்தபின் 150 கிராம் சீஸைத் துருவிச் சேர்க்க வேண்டும். இங்கே மளிகைக் கடைச் சீஸை இகழும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அதில் சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பும் புரதமும் பிரியாமல் காக்கின்றன. விலையுயர்ந்த முதிர்ந்த சீஸ் எண்ணெய் கக்கும் இடத்தில் இது வழவழப்பாக உருகும். உப்பும் மிளகுத்தூளும் இட்டு மக்ரோனியைக் கலந்து, மேலே ரஸ்கைப் பொடித்துத் தூவி, 180 பாகையில் 25 நிமிடம். ஓரங்கள் பொன்னிறமாகிக் குமிழியிடும்போது எடுத்து, பத்து நிமிடம் ஆறவிடுக.

ஓர் உணவின் பிறப்பிடத்தை மட்டும் விசாரிக்கும் ஆய்வு, அது இலையில் எந்த இடத்தைக் கேட்டது என்பதையும் விசாரிக்க வேண்டும். சேமியா இங்கே பாயசத்தின் இடத்தைக் கேட்டது; பெற்றது. மரச்சீனி மக்ரோனி சோற்றின் இடத்தைக் கேட்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டது. இதே நகரின் ஸ்ரீகாரியத்தில், 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரச்சீனிப் பாஸ்தாவுக்கான முறைகளை மீண்டும் உருவாக்கியிருக்கிறது. இம்முறை அதைச் சாம்பாருக்குச் சோறாகப் பரிமாறாமல், பாலும் சீஸும் ஊற்றி ஓவனுக்குள் வைத்துப் பார்க்கலாம்.